டாங்குக்கு ஒரு படுக்கை

"கடலை பஸ்ஸுல வந்து பாத்தவன்" என்று என் மச்சான் என்னைப் பற்றிச் சொன்னதாக முதன்முதலில் காதுக்கு வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நல்லா இருக்கே என்றுதான் தோன்றியது. உண்மையும் அதுதான். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன் நான். அரைக்கால் சட்டை வயதில் எஸ்டேட் பஸ்ஸில் வந்து, இன்னொரு பஸ் மாறி, குளச்சலில் இறங்கித்தான் கடல் என்று ஒன்று இருப்பதைப் பார்த்தேன். என்னை இத்தனை சின்ன வாக்கியத்துக்குள் அடைத்தவன் சாதாரண வாய்க்காரன் இல்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது எனக்கு. மிச்சத்தை டீக்கடைப் பேப்பரிலும் மனிதர்களின் வாயிலும் படித்தேன். யாராவது ஒரு சொல்லை நன்றாகச் சொல்லிவிட்டால், அது என்னைத் திட்டியதாகவே இருந்தாலும், நாலு நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். அந்த வகையில் என் மனைவியின் அண்ணனுக்கு நான் நிறையக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த மனுசனை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. அவன் வாய் மட்டும் எனக்குப் பிடிக்கும்.

சார்ஜாவில் ஒரு போட் யார்டில் ஃபைபர் வேலை பார்த்தேன். லீவில் வந்தபோது ஒரு கடற்கரைப் பெண்ணை, அதுவும் பஸ்ஸில்தான், பார்த்துப் பேசிக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு மச்சான் வந்தான். உட்காராமல் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனான். "நின்னு சாப்பிட்டா சொந்தம் ஒட்டாதுன்னு நெனச்சான் போல" என்று என் மனைவி அப்போது சிரித்தாள். பிறகு அவள் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

என் மாமனார் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எல்லார் முன்னாலும் ஒரு பேச்சு சொன்னார். "வள்ளம் பாதி மவனுக்கு, பாதி மவளுக்கு." எங்கள் கடற்கரைத் துறையில் பெண்கள் தொழிலுக்கு வள்ளம் ஏறுவதில்லை. அவள் பாதிக்கு அவளைக் கட்டியவன் ஏற வேண்டும். ஏறினால்தான் அது பாதி. அவன் இறங்கிவிட்டால் அந்தப் பாதி வெறும் வாய்ப்பேச்சு. அதனால் என் மனைவி ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "அவன் என்ன வேணும்னாலும் சொல்லட்டு. நீங்க எறங்கிராதிங்க." நான் சார்ஜா பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு மாமனார் இருந்த இடத்தில் ஏறினேன்.

இரண்டு ஆள் வள்ளம். ஃபைபர் உடம்பு, உள்ளேயே பொருத்திய சின்ன டீசல் எஞ்சின். விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து பழசாக வாங்கியதை மாமனார் மேலும் பழசாக்கி வைத்திருந்தார். அதில் நானும் மச்சானும், பேச்சு வார்த்தை இல்லாமல்.

எங்கள் பக்கம் பிணக்கு உள்ளவர்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு ஆளை உட்காரவைத்து அந்த ஆளிடம் சொல்வார்கள். ஆள் இல்லாவிட்டால் கோழியிடம் சொல்வார்கள், நாயிடம் சொல்வார்கள். கடலில் கோழிக்கு எங்கே போக? நாங்கள் வள்ளத்திடம் சொல்லிக்கொண்டோம். "வலையை இழுக்கிற நேரமாச்சு" என்று அவன் அணியத்தை, வள்ளத்தின் முன்மூக்கை, பார்த்துச் சொல்வான். "இழுக்க ஒரு கை வந்தா இழுக்கலாம்" என்று நான் எஞ்சின் பெட்டியைப் பார்த்துச் சொல்வேன்.

டீசல் நாற்றம் அந்த வருஷம்தான் தலைக்கேறியது. வள்ளத்தின் அடியில் தேங்குகிற தண்ணீரை இறைத்து ஊற்றினால் கடல்மேல் வானவில் விரியும். மாமனார் காலத்திலேயே இருந்த கசிவுதான். அவர் டீசல் டாங்கின் ஓட்டையில் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைத்து அடைத்து ஓட்டியிருக்கிறார். இப்போது சோப்பு தேய்க்கத் தகடு மிச்சமில்லை. ஏலம் போடுகிற இடத்தில் ஒரு மீன்காரம்மா எங்கள் சாளையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை அடுப்புல வைக்கண்டாம் மக்கா, தீப்பெட்டி காட்டினா போதும்" என்றார். கூட்டம் சிரித்தது. மச்சான் என்னை முறைத்தான். நான் ஏறினதால்தான் மீன் நாறுகிறது என்பதுபோல.

அன்று சாயங்காலம் மாமியார் வீட்டு முற்றத்தில் பேச்சு நடந்தது. மாமியார் நடுவில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். டாங்கை மாற்றிவிடலாம், யார்டில் இதே வேலையை நான் நிறையச் செய்திருக்கிறேன் என்று நான் மாமியாரிடம் சொன்னேன். மச்சான் ஒரு நெத்திலியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனும் மாமியாரிடம் சொன்னான்.

"அம்மா, மலைக்காரனுக்க கிட்ட சொல்லு. மாத்தட்டு. மாத்தி, கோயில் கொடியேத்தம் வரைக்கும் ஓட்டிப் பாப்போம். ஒரு சொட்டு ஒழுகினா, அவன் எறங்கணும். பிறவு இந்த வள்ளத்துல காலு வைக்கப்படாது."

மாமியார் நெத்திலியிலிருந்து தலையைத் தூக்காமல், "கேட்டுச்சா?" என்றார்.

கேட்டது. உள்ளே அடுக்களையில் நின்ற என் மனைவிக்கும் கேட்டது. பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது.

மறுநாள் வள்ளத்தைக் கரையேற்றினோம். நடுவில் ஆள் வேண்டுமே என்று மாமியாரும் மீன் கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டீசலை வடித்தோம். டாங்கை வெளியே எடுக்க வழி இல்லை. மாமனார் டாங்கை வைத்த பிறகுதான் வள்ளத்தின் பின்பக்க மேல்தட்டை ஃபைபர் போட்டு மூடியிருக்கிறார். அதில் விட்டிருந்த சின்ன மூடி வழியாக என் தலை போகும், தோள் போகாது. டாங்கு எப்படி வரும்? தட்டை வெட்டியாக வேண்டும். மச்சான் எங்கிருந்தோ கிரைண்டிங் மிஷினைக் கொண்டுவந்து வயரை நீட்டினான். நான் மாமியாரைப் பார்த்து, டீசல் ஆவி நிற்கிற இடத்தில் தீப்பொறி பறந்தால் டாங்கு தானாகவே வெளியே வந்துவிடும், கூடவே நாமும் வருவோம் என்றேன். அவன் வயரைச் சுருட்டினான். ரம்பப் பிளேடால் கையாலேயே அறுத்தோம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் முறைப்பு.

தட்டின் நடுவில் ஒரு சிலுவை உண்டு. சர்ச்சிலிருந்து சாமியார் வந்து மந்திரித்த அன்று மாமனார் வெள்ளைப் பெயிண்டால் விரலால் போட்டது. அறுக்க நான் போட்ட கோடு நேராக அதன் குறுக்கே போயிருந்தது. மச்சான் பிளேடை எடுத்துவிட்டு, சிலுவையைச் சுற்றி வளைத்துத் தன் கோடு ஒன்றைப் போட்டான். நான் அந்தக் கோட்டிலேயே அறுத்தேன். அதனால் எங்கள் தட்டின் திறப்பு இன்றைக்கும் ஒரு பக்கம் குழிந்து, பலாக்கொட்டை மாதிரி இருக்கும்.

தட்டு வந்ததும் உள்ளே பார்த்தோம். டாங்கைக் காணோம், வலைதான் தெரிந்தது. பழைய நைலான் வலை, கயிற்றுத் துண்டு, மேலும் வலை. டாங்கு ஆடாமல் இருக்க நாலு பக்கமும் அடியிலும் திணித்துத் திணித்து வைத்திருக்கிறார் மாமனார். எங்கள் துறையில் எல்லாரும் செய்வதுதான். கிழிந்த வலையைத் தூக்கிப் போட மனசு வராது. ஆடுகிற எதற்கும் வலையைத் திணிப்பார்கள். நான் ஒரு கொத்தை இழுத்தேன். தண்ணீர் சொட்டியது. உப்புத் தண்ணீர். வருஷக்கணக்காக ஈரம் காயாமல் இரும்புத் தகட்டோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது அந்த வலை. டாங்கின் அடிப்பக்கம் கையோடு பெயர்ந்து வந்தது, முறுகிப் போன தோசைத் துண்டு மாதிரி.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வலையை மாமியார் பக்கம் தூக்கிக் காட்டி, "டாங்கை கடல் தின்னல மாமி. இந்த வலைதான் தின்னுச்சு" என்றேன்.

மச்சான் எழுந்து நின்றான். அந்த ஒரு முறை அவன் நடுவில் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.

"லேய். அது எனக்க அப்பன் வச்ச வலை. டாங்குக்கும் ஒரு படுக்கை வேணும்னு சொல்லி, கையால மடிச்சு மடிச்சு வச்சாரு. நீ அன்னைக்கு மரத்துக்கு செரட்டை கட்டிட்டு நின்னே."

ரப்பர் பால் பிடிக்கச் சிரட்டை கட்டுகிற கை என்று என்னைச் சொல்கிறான். அதுவும் நல்ல வாக்கியம்தான். ஆனால் அன்று ரசிக்க முடியவில்லை. படுக்கை அல்ல, அது பாடை என்று நான் சொன்னேன். மாமியார் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "செத்தவரை உள்ள இழுத்தா நான் எழும்பிப் போயிருவேன். பிறவு நீங்க ரெண்டுபேரும் தூணுகிட்டதான் பறையணும்" என்றார்.

வலையை முழுக்க அள்ளி வெளியே போட்டேன். மச்சான் அதைக் குப்பையில் போடவிடவில்லை. ஒரு சாக்கில் திணித்துத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். சாக்கிலிருந்து அவன் முதுகில் டீசல் வழிந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வந்திருக்கலாம்.

புது டாங்கு எவர்சில்வர். பட்டறைக்காரரிடம் உள்ளே குறுக்கே ஒரு தடுப்புத் தகடு வைக்கச் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் அலைக்கு வள்ளம் ஆடும்போது உள்ளே டீசல் இங்கும் அங்கும் சாடி, அதுவே டாங்கை உலுக்கிவிடும். வள்ளத்தின் அடியில் இரண்டு ஆஞ்சிலிக் கட்டைகளை ஃபைபரோடு சேர்த்து ஒட்டினேன். டாங்கு அந்தக் கட்டைகள்மேல் உட்காரும். அடியில் காலி இடம். தண்ணீர் வந்தால் ஓடிப் போகும், காற்று வந்தால் காயும். கட்டைக்கும் டாங்குக்கும் நடுவில் கறுப்புப் பட்டைகள், எண்ணெயில் ஊறாத வகை, நாகர்கோவிலில் எஞ்சின் சாமான் கடையில் வாங்கியது. மேலே இரண்டு எவர்சில்வர் பட்டைகள், போல்ட்டுப் போட்டு இறுக்கியவை. டீசல் ஊற்றுகிற குழாய்க்கும் எஞ்சினுக்குப் போகிற குழாய்க்கும் முனைக்கு இரண்டிரண்டு கிளிப். ஆவி போக ஒரு சின்னக் குழாய், தண்ணீர் இறங்காதபடி தலை கீழே வளைத்து.

யார்டில் எங்கள் ஃபோர்மேன் ஒரு மலையாளி. டாங்கு பொருத்தி முடிந்ததும் அதைக் காலால் ஓங்கித் தள்ளச் சொல்வார். "டாங்கு அனங்கக்கூடாது. போட்தான் அனங்கணும்" என்பார்; அசையக்கூடாது என்று அர்த்தம். அதையே சத்தமாகச் சொல்லிக்கொண்டு நான் தள்ளினேன். வள்ளம் அசைந்தது, டாங்கு அசையவில்லை. மாமியாரைப் பார்த்தேன். அவர் மச்சானைப் பார்த்தார். அவன் குனிந்து, கட்டைக்கும் டாங்குக்கும் நடுவில் இருந்த கறுப்புப் பட்டையை விரலால் தடவினான்.

"செருப்பு அட்டை" என்றான்.

தட்டை மூடுகிற வேலையை மச்சான் ஏற்றுக்கொண்டான். அது நியாயம் என்று நினைத்தேன். சிலுவை அவன் அப்பன் போட்டது. கழற்றி மாட்டுகிற புது மூடியை அவன் பொருத்தட்டும். ஒரு மத்தியானம் முழுக்க அவன் தனியாக வள்ளத்தில் இருந்தான். நான் வீட்டில் படுத்துத் தூங்கினேன்.

பிறகு கடலுக்குப் போனோம். முதல் நாள் நான் மூடியைத் திறந்து, கையை அடியில் விட்டு, விரலை முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. அவனும் முகர்ந்தான். அடுத்த நாளும் இல்லை. இறைத்த தண்ணீர் வெறும் தண்ணீராகவே விழுந்தது. கோயிலில் கொடிமரத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மீன்காரம்மா எங்கள் மீனை முகர்ந்துவிட்டு, "டாக்டரைக் காட்டினியளா?" என்று கேட்டார். என் மனைவி வீட்டில் பாட்டுப் பாட ஆரம்பித்தாள். கடலில் மட்டும் மாற்றமில்லை. மச்சான் வள்ளத்திடம், "சிலபேருக்கு அதிர்ஷ்டம் கொஞ்ச நாளைக்கு உண்டு" என்றான். நான் வள்ளத்திடம், "சிலபேருக்கு அதுவும் கெடையாது" என்றேன்.

ஒருநாள் சாயங்காலம் என் மனைவி மாவு அரைக்க கிரைண்டரைப் போட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள், "இது என்ன, நடக்குது" என்றாள். திரும்பிப் பார்த்தேன். கிரைண்டர் தரையில் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து நகர்ந்து கதவுப் பக்கம் வந்துகொண்டிருந்தது, வெளியே கிளம்புகிற ஆள் மாதிரி.

எங்கள் வீட்டு கிரைண்டர் நடக்காது. அதற்கு அடியில் ஒரு ரப்பர் ஷீட் கிடக்கும். திற்பரப்புக்கு மேலே எங்களுக்கு இருக்கிற துண்டு நிலத்தில் என் அண்ணன் பால் வெட்டி, ஷீட் அடித்து, புகைபோட்டு எடுத்தது. எங்கள் பக்கம் ரப்பர் உள்ள வீடுகளில் அப்படித்தான். கிரைண்டருக்கு அடியில், கட்டில் காலுக்கு அடியில், எது நகர்ந்தாலும் ஒரு துண்டு ஷீட். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஷீட் இல்லை. தரையில் அது கிடந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

"ஷீட்டு எங்க?"

அவள் யோசித்தாள். "அண்ணன் ஒருநாள் வந்து கேட்டான். நீங்க தூங்கிட்டு இருந்திய. பேசாத அண்ணன் வீட்டுக்கு வந்து ஒண்ணு கேக்கானேன்னு எடுத்துக் குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. நான் தூங்கியது அவன் தனியாக வள்ளத்தில் இருந்த மத்தியானம்தான். அவளும் ரப்பர் வீட்டு மருமகள்தானே. பஞ்சர் ஒட்டுகிற பசை ரப்பரைப் பெட்ரோலில் கரைத்து எடுப்பது என்று அவளுக்கும் தெரியும். புகைபோட்ட ஷீட் தரையில் கிடந்தால் தலைமுறைக்குக் கிடக்கும். டீசல் பட்டால் ஊறும், உப்பும், பிறகு அல்வா மாதிரி இளகிவிடும். டாங்குக்கு மேலே டீசல் ஊற்றும்போது சிந்தாமல் ஊற்ற எந்த மனுசனாலும் முடியாது. டாங்குக்கு அடியில் இருப்பது ஊறி இளகினால், மேலே இறுக்கிய பட்டைகள் தளரும். தளர்ந்தால் டாங்கு ஆடும்.

அவன் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. கிரைண்டரை நிறுத்துகிற பொருள் டாங்கையும் நிறுத்தும் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். அப்பன் சொன்ன படுக்கையை, அப்பன் வலையை வெளியே போட்டவனுடைய வீட்டு ரப்பரிலேயே விரித்திருக்கிறான். டாங்கு ஒழுக வேண்டும் என்று அவன் செய்யவில்லை. நன்றாக இருக்க வேண்டும் என்றே செய்தான். அதனால் ஆத்திரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

விடியற்காலையில் கரையில் அவனைப் பிடித்தேன். நடுவில் யாரும் இல்லை. டாங்குக்கு அடியில் இருப்பதை எடுக்காமல் கடலுக்குப் போகவேண்டாம் என்று நேராகச் சொன்னேன். ரப்பர் டீசலில் என்ன ஆகும் என்றும் சொன்னேன். அவன் வலையை ஏற்றிக்கொண்டே கேட்டான். கடைசியில் வள்ளத்தைப் பார்த்து, "டாங்கு ஆடல. ஒருத்தனுக்கு காலுதான் ஆடுது" என்றான். "கொடியேத்தம் பக்கத்துல வந்தாச்சு. இப்ப பழியை நம்ம தலையில வைக்கான்."

வேண்டுமென்றால் நான் கரையிலேயே நின்றிருக்கலாம். நின்றால் இறங்கியதாக ஆகும். ஏறினேன்.

போகும்போது கடல் சும்மா கிடந்தது. திரும்பும்போது மேற்கிலிருந்து காற்று தட்டியது. துறைமுக வாயில் அலை எழும்பி உடைந்துகொண்டிருந்தது. எங்கள் துறையில் எல்லாருக்கும் பயம் அந்த இடம்தான். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் உள்ளே ஏறுகிற அலை. அங்கே எஞ்சின் நிற்கக்கூடாது. அவ்வளவுதான் விதி.

முதல் அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. எனக்குக் காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம். வள்ளத்தின் சத்தம் எல்லாம் எனக்குத் தெரியும். இது அதில் இல்லாதது. இரண்டாவது அலையில் மறுபடியும். எஞ்சின் ஒருமுறை இருமியது. மச்சான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். என்மேல் கோபம் இல்லாத அவன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கோபம் இருக்க அங்கே இடம் இல்லை.

நான் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே இறங்கினேன். டாங்கு பட்டைகளுக்கு அடியில் இடமும் வலமும் சறுக்கிக்கொண்டிருந்தது, சோப்பு மேல் நிற்கிறமாதிரி. எஞ்சினுக்குப் போகிற குழாய் இழுபட்டுப் பாதி கழன்று, டீசல் பீய்ச்சியது. முதுகை வள்ளத்தின் பக்கச் சுவரில் கொடுத்து, இரண்டு காலையும் டாங்கின்மேல் ஊன்றி நெரித்தேன். ஒரு கையால் குழாயை அதன் மூக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். கண்ணில் டீசல். மேலே பலாக்கொட்டை வடிவத்தில் வானம் தெரிந்தது, சிலுவைக்காக வளைந்த ஓரத்தோடு. எஞ்சின் நின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

"பிடிச்சிருக்கியா?" என்று மேலேயிருந்து அவன் கேட்டான். நேராக என்னிடம்.

"ஓட்டு" என்றேன்.

அவன் ஓட்டினான். அவன் நல்ல சுக்கான்காரன், அதை மறைக்க முடியாது. அலை முதுகில் ஏறி, அது உடைவதற்குள் வாயைத் தாண்டி உள்ளே கொண்டுவந்துவிட்டான்.

கரையில் ஆட்கள் நின்றார்கள். என் மனைவியும் மாமியாரும் நின்றார்கள். காலையில் நான் கிளம்பியதிலிருந்து அவள் அங்கேயே நின்றிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. நான் டீசலில் குளித்து மேலே வந்தேன். மச்சான் முதலில் கரையில் குதித்தான். எல்லார் முன்னாலும் திரும்பி நின்று சொன்னான்.

"டாங்கு ஒழுகியாச்சு. சொன்ன பேச்சு உண்டுமே. எறங்கு."

என் மனைவி முன்னால் வந்தாள். "ஷீட்டை வச்சது நீதானே, அண்ணா?"

"வச்சது நான்தான்" என்றான், கொஞ்சமும் கூசாமல். "ஒழுகினது அவனுக்க டாங்கு."

இதையும் நான் ரொம்ப நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எப்படிப் புரட்டினாலும் அதில் ஒரு ஓட்டை கிடைக்காது. ஆனால் நான் இறங்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போய் முதல் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். ஆட்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சண்டை வராது என்று தெரிந்ததும் கலைந்துபோனார்கள். மச்சான் போகவில்லை. இறங்கச் சொன்ன ஆள் இறங்காமல் இருக்கும்போது சொன்னவன் எப்படிப் போவான்? மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். டீசல் வாடைக்கு எட்டத் தள்ளி உட்கார்ந்துதான் பற்றவைத்தான், அதையும் சொல்ல வேண்டும்.

பட்டைகளைக் கழற்றிவிட்டேன். டாங்கைத் தூக்கினால்தான் அடியில் இருப்பதைச் சுரண்ட முடியும். அவன் ஷீட்டை வைத்த அன்று டாங்கு காலி; இப்போது உள்ளே டீசல் கிடந்தது, தனி ஆளால் முடியாது. முயன்று பார்த்தேன், இடுப்பு பிடித்தது. கடைசியில் எஞ்சின் பெட்டியைப் பார்த்து, "இந்தப் பக்கம் ஒரு கை இருந்தா தூக்கலாம்" என்றேன்.

அவன் பீடியைக் கடைசிவரை இழுத்து மணலில் புதைத்தான். பிறகு வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் ஏறியிருந்தான்.

தூக்கினோம். அடியில் எங்கள் வீட்டு ஷீட், அப்பளம்போல உப்பி, ஓரங்கள் தேன் மாதிரி இளகி, ஆஞ்சிலிக் கட்டையோடு நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. ரப்பர் வெட்டினவனுக்கு அந்தக் காட்சி ஒன்றும் புதிதில்லை. அவன் கையில் ஒட்டியதை வேட்டியில் துடைத்தான், வேட்டியிலும் ஒட்டியது. "என்ன எளவு இது" என்று தன் கையைப் பார்த்துச் சொன்னான். எனக்குச் சொல்லத் தோன்றிய அத்தனையும் நன்றாக இருந்தன, இருந்தாலும் சொல்லவில்லை.

கத்தியால் ஆளுக்கு ஒரு கட்டையாகச் சுரண்டி முடித்தபோது அவன் இறங்கி வீட்டுக்குப் போனான். போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். கறுப்புப் பட்டைக்கு மறுபடி நாகர்கோவில் போக வேண்டும், அதற்குள் கொடி ஏறிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது தட்டின்மேல் பொத்தென்று ஒன்று விழுந்தது. சணல் கட்டிய ஒரு சின்னக் கட்டு. நான் முதலில் வைத்த கறுப்புப் பட்டைகள்தான். எறிந்திருப்பான் என்று நினைத்ததை எடுத்து வைத்திருந்திருக்கிறான்.

"உனக்க செருப்பு அட்டை" என்றான்.

பொருத்தினோம். பட்டைகளை நான் இறுக்கினேன். அவன் காலால் ஓங்கித் தள்ளினான், தேவைக்கு மேலேயே. வள்ளம் ஆடியது. இறங்கு என்று அவன் மறுபடி சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. கொடி ஏறியது, திருவிழா முடிந்தது, அடுத்த நாள் விடியற்காலையில் நான் போய் ஏறினேன். அவன் என்னைப் பார்க்காமல் வலையைத் தூக்கிக் கொடுத்தான்.

நாங்கள் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்பவர்களிடம் என் மனைவி, "ரெண்டு பேருக்கும் அது புடிக்கல்ல" என்கிறாள். மாமனாரின் வலைச் சாக்கு மச்சான் வீட்டில் இன்னும் இருக்கிறது. நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. எங்கள் கிரைண்டர் இப்போது என் அண்ணன் தந்த புது ஷீட்டில் நிற்கிறது. துறைமுக வாயை நெருங்கும்போது மட்டும் மச்சான் சுக்கானைப் பிடித்தபடி, அணியத்தைப் பார்த்து, "அனங்குதா?" என்று கேட்பான்.

நான் குனிந்து, மூடிக்குள் கையை விட்டு, டாங்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சின் பெட்டியிடம் சொல்வேன்: "இல்ல."